மூச்சுப் பயிற்சியா, தொழிற்சங்கமா?

இரவு 11 மணிக்கு மேலதிகாரியின் செய்தி வந்து போன் அதிர்கிறது, தூக்கம் போச்சு. மூச்சை இழுத்து விடுங்கள், 5 மணிக்கு எழுந்து நாட்குறிப்பு எழுதுங்கள் என்கிறார்கள் சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள். பயன் இல்லாமல் இல்லை. பதறும் மனம் அன்றைக்கு அடங்கும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் மறுநாளும் போன் அதிரும். அப்போது பழி உங்கள் 'மனநிலை' மேல் விழும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சங்கம் மெதுவான வழி. சண்டை உண்டு, வேலைக்கே ஆபத்து வரலாம். ஆனாலும் தொழிலாளர்கள் கூடிப் பல்லாண்டு போராடிய பிறகுதான் 8 மணி நேர வேலை 1919-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை ஆனது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் 'பர்ன்அவுட்' எனும் கடும் சோர்வை வேலை சார்ந்த ஒன்றாகவே வகைப்படுத்தியது. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், சரி. அப்புறம் பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள், அவருக்கும் அந்தச் செய்தி வந்ததா என்று.