பட்டு ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு தையல் கடையில் கொடுத்துத் தைத்த பட்டு ரவிக்கையை அக்கா ஒருவர் எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். கூலி 60 வெள்ளி. அளவு கச்சிதம், தையலிலும் குறையில்லை. ஆனால் கழுத்துப் பட்டி முழுக்கக் கொப்புளம். கைக்கரையில் ஜரிகை சுருங்கி மங்கிவிட்டது. முதுகில் உள்தையலின் தடம் பளபளவென்று கோடு போட்டிருக்கிறது. கடையில் கேட்டதற்கு, "துணி அப்படிக்கா, ட்ரை வாஷ் போட்டா சரியாயிடும்" என்றார்களாம்.

சரியாகாது. மூன்றுமே இஸ்திரிப் பெட்டியால் வந்தவை. பழியைத் துணி மேல் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள்.

கழுத்துப் பட்டி விறைப்பாக நிற்க உள்ளே வைத்து ஒட்டும் ஃபியூசிங் கேன்வாஸ் துணியில் பசைப் புள்ளிகள் இருக்கும். அவை உருகிப் பிடிக்க சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் வேண்டும். பெட்டியை ஒரே இடத்தில் 10 முதல் 15 விநாடி அழுத்தி வைத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்துத் தேய்க்கவே கூடாது. ஆறும்வரை துணியை அசைக்கவும் கூடாது. தீபாவளி நெரிசலில் சட்டை தேய்ப்பதுபோல் ஓட்டிவிட்டால் அங்கங்கே பிடிக்காமல் விட்டுப்போகும். அந்த இடங்கள்தான் உப்புகின்றன. ட்ரை வாஷ் போட்டால் அரைகுறையாக ஒட்டியதும் கழன்று வரும் ஆபத்து உண்டு.

இஸ்திரிப் பெட்டியின் சூட்டுத் திருகில் புள்ளிகள் போட்டிருக்கும். மூன்று புள்ளி என்றால் 200 டிகிரி, அது பருத்திக்கு. பட்டுக்கு இரண்டு புள்ளி, 150 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இப்போது வரும் ஜரிகையில் பெரும்பகுதி பாலியஸ்டர் இழைமேல் உலோகப் பூச்சு. அதற்கு ஒரு புள்ளி, 110 டிகிரி போதும். அதையும் உள்பக்கமாக, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டுத்தான் அழுத்த வேண்டும். உள்ளே வைத்துத் தைக்கும் பருத்தி லைனிங்கைத் தேய்த்த சூட்டிலேயே கைக்கரையையும் தேய்த்தால் சுருங்காமல் என்ன செய்யும்? முதுகுக் கோட்டைத் தவிர்ப்பது இன்னும் எளிது. தையல் விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகிவிட்டு அழுத்தினால் தடம் விழாது. பட்டின்மேல் நேரடியாகத் தண்ணீர் தெளிப்பதும் தப்பு, சொட்டுக் கறை நிற்கும்.

கொடுக்கும்போதே லைனிங்கை நனைத்து, காயவைத்து, தேய்த்த பிறகுதான் வெட்டுவார்களா என்று கேளுங்கள். லைனிங்குக்குப் போடும் டூ பை டூ பருத்தித் துணியை நனைக்காமல் வெட்டினால், முதல் துவைப்பில் சுருங்கி மேல்துணியையும் இழுத்துக்கொள்ளும். வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன், ரவிக்கையை உள்பக்கம் திருப்புங்கள். தோள் தையல் பிரித்து அழுத்தப்பட்டிருக்கிறதா? மார்பு டார்ட், அதாவது உடல் வளைவுக்காகக் கூராக மடித்துத் தைக்கும் மடிப்பு, கீழ்நோக்கிப் படிந்திருக்கிறதா? டார்ட் நுனி கூர்ந்து நின்றால், சுருட்டிய துண்டின்மேல் வைத்து வளைவாக அழுத்தாமல் மேசையில் தட்டையாக அழுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கழுத்துப் பட்டியை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். துணியும் கேன்வாஸும் தனித்தனியாக நழுவினால் வாங்காதீர்கள், அங்கேயே மறுபடி ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

மிச்சத் துணியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். "துணி அப்படி" என்றால், அதே ஜரிகைத் துண்டைச் சரியான சூட்டில் கடைக்காரர் முன்னாலேயே அழுத்திக் காட்டலாம். அப்படியும் மறுத்தால் ரசீதும் படங்களுமாகச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவும் மனுப் போடலாம். 5,000 வெள்ளிக்குள் என்றால் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.