எம்.பி.எட்.டா, மலையேற்றப் பயிற்சியா, வெளிநாட்டு முதுகலையா?

பிள்ளைகளை மலைக்கும் காட்டுக்கும் கூட்டிப்போய்க் கற்றுத்தரும் வேலைதான் வேண்டும் என்று திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ ஒரு பட்டதாரி முடிவெடுத்தால், அவர் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். மூன்றும் மூன்று வேறு வேலைகளில் கொண்டுபோய் விடும். இதைச் சேர்க்கைக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் உள்ளூர்ப் படிப்பு. பி.பி.எட். (உடற்கல்வி இளங்கலை) 2 ஆண்டு, அதன்மேல் எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலை) 2 ஆண்டு. நந்தனத்தில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் போய்விடலாம். மேலக்கோட்டையூரிலுள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அப்படியில்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து பீச், அங்கிருந்து வண்டலூர், பிறகு பஸ். தினமும் போய்வருவது ஆகாத காரியம், ஹாஸ்டல்தான். இந்தப் பட்டத்தின் பலம் அரசு வேலை: உடற்கல்வி இயக்குநர் நிலை-1 பணிக்கு எம்.பி.எட். வேண்டும், கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆக நெட் அல்லது செட் தகுதித் தேர்வும் சேரவேண்டும். ஆனால் பாடம் மைதானத்தை விட்டு அதிகம் நகராது. தடகளம், கபடி, உடலியங்கியல் எல்லாம் நன்றாக வரும். கயிற்று வேலையும் காட்டு முதலுதவியும் ஒரு முகாமோடு முடிந்துவிடும்.

களத்தில் நிற்க ஆசையென்றால் மலையேற்றப் பயிற்சிதான் நேர்வழி. டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிறுவனம் 1954-இலும் உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனம் 1965-இலும் தொடங்கப்பட்டவை. பேசிக் 28 நாள், அட்வான்ஸ் 28 நாள், அதற்கு மேலே பயிற்றுநர் கோர்ஸ். பேசிக்கில் ஏ கிரேடு வாங்கினால்தான் அட்வான்ஸ். அதிலும் ஏ வாங்கினால்தான் பயிற்றுநர் கோர்ஸ். பி கிரேடோடு திரும்புகிறவருக்குச் சான்றிதழ் உண்டு, அடுத்த படி கிடையாது.

சென்னைப் பிள்ளைகளுக்கு கிரேடு நழுவுவது மூச்சால் அல்ல, தொடையால். எண்ணூர் நெடுஞ்சாலையில் தினம் ஓடுகிறவருக்கும் 15-20 கிலோ சுமையோடு சரிவில் இறங்கும்போது கால் நடுங்கும், ஏனென்றால் சமதள ஓட்டம் அந்தத் தசையைத் தயார் செய்வதில்லை. ஏதாவது ஒரு அடுக்குமாடியின் படிகளில் 5 கிலோ பையோடு தொடங்கி, வாரம் 2 கிலோ கூட்டினால் ஆறாவது வாரம் 15 கிலோ வரும். ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதில் கவனம் வையுங்கள். புது ஷூவோடு போய் இறங்கினால் முதல் நாளே கொப்புளம். காசிமேட்டில் கயிறோடு வளர்ந்தவருக்கு முடிச்சு கைவந்த கலை. என்றாலும் அங்கே மதிப்பெண் அவர்கள் சொல்லும் முடிச்சுக்குத்தான்.

இந்த வித்தை வேலை நேர்காணலிலும் கைகொடுக்கும். சான்றிதழைப் புரட்டிய கையோடு கயிற்றை நீட்டி, எட்டு வடிவ முடிச்சை ஹார்னஸில் (இடுப்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) கோத்துப் போடச் சொல்வார்கள். இழைகள் குறுக்கே ஏறாமல் இணையாகக் கிடக்கின்றனவா, 10 மி.மீ. கயிற்றில் குறைந்தது 10 செ.மீ. வால் மிச்சமிருக்கிறதா, கரபைனர் என்னும் உலோகக் கொக்கியைப் பூட்டியபின் அழுத்திப் பார்த்தீர்களா என்று கவனிப்பார்கள். கூடவே காட்டு முதலுதவிச் சான்று கேட்கப்படும். 16 மணி நேரப் பயிற்சி தொண்டர்களுக்குப் போதும். குழுவை நடத்துகிறவருக்கு 70-80 மணி நேரப் பயிற்சி வேண்டும். அது முசூரியின் ஹனிஃபில் மையத்தில் நடக்கிறது. சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2018 மார்ச் குரங்கணி தீவிபத்துக்குப் பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறை 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வழிகாட்டிகள் உள்ளூர், பழங்குடி இளைஞர்கள். நமக்குப் பக்கத்துப் பாதையான குடியம் குகையில் வழிகாட்டி வேலை கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பள்ளிகளுக்கு முகாம் வடிவமைத்து நடத்துவதில்தான் சென்னைக்காரருக்கு இடம்.

வெளிக்களக் கல்வியில் (அவுட்டோர் எஜுகேஷன்) வெளிநாட்டு முதுகலை அந்த வடிவமைப்பைத்தான் கற்றுத்தருகிறது: பாடத்திட்டம், ஆபத்து மேலாண்மை, ஆய்வு. கயிறு கட்டக் கற்றுக்கொள்ள லட்சக்கணக்கில் செலவழித்துப் போகிறவர் ஏமாறுவார். பிரிட்டனில் எடின்பரோ போன்ற இடங்களில் ஓராண்டில் முடியும். அமெரிக்காவில் பெரும்பாலும் 2 ஆண்டு. பல பல்கலைக்கழகங்கள் 16 ஆண்டுக் கல்வி கேட்பதால் மூன்றாண்டு பி.ஏ. மட்டும் வைத்திருப்பவருக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம். அமெரிக்காவில் படித்தபின் அங்கே வேலை பார்க்கத் தரும் அனுமதியான ஓ.பி.டி. 12 மாதம்தான், பொறியியல்காரருக்குக் கிடைக்கும் நீட்டிப்பு பொதுவாக இதற்குக் கிடையாது. பருவகாலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் கேம்ப்கள் எச்-1பி வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்வது அரிது. ஆகவே கல்விக்கடன் வாங்கிப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். உதவித்தொகை கிடைத்தால் போகலாம். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் தேவை, அதாவது களத்தில் இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டுத்தான் விண்ணப்பம். அமெரிக்க கேம்ப் வாழ்க்கையை ருசிபார்க்க மட்டும் என்றால் ஜே-1 கேம்ப் கவுன்சிலர் விசா உண்டு, அதிகபட்சம் 4 மாதம்.

பேசிக் கோர்ஸ், பிறகு இரண்டு ஆண்டு கேம்ப் வேலை, பிறகு முதுகலை என்பதே எங்கள் வரிசை. அரசு வேலைதான் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்றால் பி.பி.எட்.டை முதலில் வைத்து, கோடை விடுமுறையில் பேசிக்கை முடியுங்கள். எப்படியானாலும் இன்றைக்கே ஒரு லாக் புக் தொடங்குங்கள். மலையில் குழுவை நடத்துவதற்கான பிரிட்டனின் மவுண்டன் லீடர் தேர்வுக்கே 40 நாள் மலைப் பதிவு கேட்கிறார்கள். தேதி, பாதை, குழுவில் எத்தனை பேர், உங்கள் பொறுப்பு, வானிலை, என்ன பிசகியது என்று ஆறு கட்டங்கள் போதும்.