பட்டுக்கூடா, மாமரமா, கொட்டாங்குச்சியா? நுண்துளைக் கரிக்கு எது நல்ல அச்சு

எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்திலும் துத்தநாக-காற்று பேட்டரியிலும் ஆக்சிஜன் வினையை வேகப்படுத்தும் வினையூக்கியாகப் பிளாட்டினம் பூசுவது பழைய வழி. விலை கேட்டால் தலை சுற்றும். அதற்கு மாற்றாக நைட்ரஜன் கலந்த நுண்துளைக் கரி செய்கிறார்கள். துளைகளை நாம் குடைய வேண்டாம். ஓர் உயிர் கட்டி வைத்த அமைப்பையே அச்சாக எடுத்துக்கொள்ளலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிடைப்பவற்றில் எது தேறும்?

எல்லாரும் முதலில் கை வைப்பது கொட்டாங்குச்சியில்தான். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து சூடேற்றினால் கிராமுக்கு 1000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வரும். அந்த எண்ணில் மயங்கக் கூடாது. துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் சிறியவை. தெருவே விடாமல் நெருக்கிக் கட்டிய வீடுகள் மாதிரி. ஆக்சிஜன் உள்ளே போய்ச் சேர்வதற்குள் வினை சோர்ந்துவிடும். அதோடு, அந்தத் துளைகள் ரசாயனம் அரித்தவை. அச்சு என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

மாமரம் அப்படியில்லை. பலகையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நீர் ஏறும் குழாய்கள் கண்ணுக்கே புள்ளிபுள்ளியாகத் தெரியும். காற்றுப் புகாமல், நைட்ரஜன் வாயு ஓட்டத்தில் 800 முதல் 1000 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றினால், துண்டு சுருங்குமே தவிர அந்தக் குழாய்கள் அப்படியே கரியாகி நிற்கும். மெல்லிய வில்லையாக அறுத்தால் அதையே மின்முனையாக வைக்கலாம். பொடித்துப் பசை போட்டு ஒட்டும் வேலை மிச்சம். குறை, மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு. யூரியா கரைசலில் ஊறவைத்தோ அம்மோனியா வாயு செலுத்தியோ ஏற்ற வேண்டும்.

பட்டுக்கூட்டில் அந்தக் கவலையே கிடையாது. இழை முழுக்கப் புரதம். எடையில் ஏறக்குறைய 18 சதவீதம் நைட்ரஜன். தருமபுரி அங்காடியில் ஏலம் போகும் நல்ல வெண்பட்டுக்கூட்டை யாரும் கரியாக்க மாட்டார்கள், சரி. அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடு போதும். சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்து மேலிருக்கும் பசையை நீக்கிவிட்டு, பொறுமையாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் இழை உருகி நுரைத்துவிடும். இன்னொரு இழுபறியும் உண்டு: வெப்பம் கூடக் கூட மின்கடத்தல் ஏறும், நைட்ரஜன் பறந்துபோகும். இழைகளுக்கு நடுவே தாராளமாக வழி இருக்கிறது, ஆனால் கரி தொட்டால் நொறுங்கும்.

நெல் உமியில் சிலிக்காதான் அச்சு. கரித்த பிறகு அதைச் சூடான காரத்தில் கரைத்து எடுக்க வேண்டும், வேலை ஜாஸ்தி. மாங்கூழ் ஆலைகளில் குவியும் கொட்டை மலிவுதான், ஆனால் ஓடும் பருப்பும் வேறு வேறு பொருள். ஒரு தடவை வந்த கரி மறுதடவை வராது.

என் ஓட்டு மரத்துக்கு, மயிரிழை வித்தியாசத்தில். வினையூக்கிப் பொடி மட்டும் போதும் என்பவர்களுக்குப் பட்டுக்கூடு.

எதைக் கரித்தாலும் போர் தண்ணீரில் கழுவாதீர்கள். நம் பக்கத்து உப்பெல்லாம் துளைக்குள் போய் உட்கார்ந்துவிடும். அமிலம், அப்புறம் வாலைவடிநீர். சோதிக்கும்போது கரிக்கு எதிரே வைக்கும் மின்முனையாகப் பிளாட்டினக் கம்பி வேண்டாம், கிராஃபைட் குச்சி வையுங்கள். கம்பியிலிருந்து துளி பிளாட்டினம் கரைந்து கரியில் படிந்தாலே போதும், எந்தக் கரியும் அபாரமாக வேலை செய்வதுபோல் ஏமாற்றும்.