"குளிர் நாட்டு வண்டி" என்று ஆசை காட்டுகிறார்களா? கவனம் – எனக்குப் போனது 17 இலட்சத்து 80 ஆயிரம்

நேற்றுப் பின்னேரம்தான் கராஜ் கடைசி பில்லைத் தந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 17 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. கை இன்னும் நடுங்குகிறது, அதனால் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற விசிறி) பூட்டிய நாலு சிலிண்டர் டீசல் டபுள் கேப் பிக்கப் எடுக்க நினைத்திருப்பவர்கள், அதிலும் "ஜப்பானில் பனி கொட்டுகிற ஹொக்கைடோவில் ஓடின வண்டி, வெயிலே காணாத எஞ்சின்" என்று யாராவது காதில் ஓதிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

எனக்கு நிலாவெளிப் பக்கம் ஒரு சிறிய படகு இருக்கிறது, சீசனில் வெளிநாட்டுக்காரரை புறாத்தீவுக்கு ஏற்றி இறக்குவேன். சீசன் முடிந்தால் தம்புள்ளையில் மரக்கறி எடுத்து உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்குப் போடுவது. படகை ட்ரெயிலரோடு இழுக்கவும் வேண்டும், பாரமும் ஏற்ற வேண்டும், வீட்டுச் சனமும் ஏற வேண்டும் என்றால் டபுள் கேப்தான் சரி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், அந்த இடைவெளியில் பழைய வண்டிகளின் விலை போன உயரம் உங்களுக்கே தெரியும். திறந்த பிறகு "புதிதாக இறங்கியது, இலங்கையில் ஓடாதது" என்றால் எல்லோருக்கும் ஒரு மயக்கம்.

வண்டியைக் கண்டது ஒரு வாகன விளம்பரத் தளத்தில். பெயர் சொல்ல மாட்டேன், வக்கீல் வேண்டாம் என்கிறார். விளம்பரத்துக்குப் பக்கத்தில் "பரிசோதிக்கப்பட்டது" என்று ஒரு பச்சை அடையாளம். அந்தப் பரிசோதனை அறிக்கைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், கட்டினேன். எஞ்சின் நன்று, கியர் நன்று, அடிப்பகுதி நன்று. அடிப்பகுதிக்கு ஒரு படமும் இருந்தது, கறுப்பாக, பளபளவென்று. விற்பவர் கொழும்புக்குப் போகிற வழியில் ஒரு நகரத்தில் இருக்கிற கார் சேல். தமிழ் பேசுகிற ஒரு தம்பிதான் எங்களோடு கதைத்தார். திருகோணமலை என்றதும் "கோணேசர் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் அண்ணன், திருக்கடலூரில் எங்கட சொந்தக்காரர் இருக்கினம்" என்று தொடங்கி, பால் தேநீர் வந்து, என் சின்ன மகளுக்கு ஒரு சொக்லேட்டும் வந்தது. மனிசி அப்போதே பாதி சம்மதம்.

பிறகு அந்தத் தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணன், நீங்கள் கடற்கரை ஆள், உங்களுக்குத் துருவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இது ஹொக்கைடோ வண்டி. அங்கே வருஷத்தில் பாதி பனி. எஞ்சின் சூடாகவே ஆகியிராது. டர்போவுக்கு குளிர் காற்றுதான் சாப்பாடு. நம்மட வெயிலில் ஓடின வண்டியையும் இதையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்."

இதில் அரைவாசி உண்மை, அதுதான் ஆளை விழுத்துகிற இடம். குளிர் காற்று அடர்த்தியானது, டர்போவுக்கு அது நல்லதுதான், வண்டி நன்றாக இழுக்கும். பானட்டில் கையை வைத்தேன், சூடாக இருந்தது. ஏன் சூடு என்று கேட்டேன். "இப்பதான் கழுவிவிட்டுக் கொண்டுவந்தது அண்ணன்." ஸ்டார்ட் செய்ததும் ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. அதையும் கேட்டேன். "தாராளமாக ஊற்றிவிட்டோம், உங்களுக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தார். ஜப்பானில் ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதிக் கொடுக்கிற ஏலத்தாளைக் கேட்டேன், ஒரு பிரதி தந்தார், சப்போரோ ஏலம், 61,000 கிலோமீற்றர், தரம் 4. அதற்கு மேலே ஆறு மாத "எஞ்சின் கியர் வாரண்டி" என்று ஒரு மஞ்சள் அட்டை, அதற்கு மட்டும் 1 இலட்சத்து 25 ஆயிரம். மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளையார் படத்தைக் காட்டி "நான் பொய் சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார்" என்றார். பிள்ளையார் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

லீசிங் போட்டு, மனிசியின் நகையையும் வைத்து வண்டியை எடுத்தோம்.

முதல் சில கிழமை ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஆயில் அளவு கூடிக்கொண்டே போனது, குறையவில்லை, கூடியது. மணந்து பார்த்தால் டீசல் வாடை. சேலுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன், "ஓட ஓடச் சரிவரும்" என்றார்கள். பிறகு ஒரு விசில் சத்தம், மேட்டில் ஏறும்போது மட்டும். அதற்கும் "டர்போ என்றால் விசில் அடிக்கத்தானே வேணும் அண்ணன்". கடைசியில் தம்புள்ளையிலிருந்து தக்காளியும் போஞ்சியும் நிறைய ஏற்றிக்கொண்டு வரும்போது, ஹபரணை தாண்டிக் கந்தளாய்க்கு முன்னால், இரவில், விசில் அலறலாக மாறி, பின்னால் நீலப் புகை றோட்டை மூடி, வண்டி இழுவையே இல்லாமல் நின்றது. அந்த றோட்டில் இரவில் வண்டி நிற்பது என்றால் என்ன என்று நம்மட ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யானை எந்தப் பக்கத்தால் ஏறும் என்று தெரியாமல், கதவைப் பூட்டிக்கொண்டு, டோர்ச்சை அணைத்துக்கொண்டு, கட்டி இழுக்கிற லொறி வரும்வரைக்கும் உள்ளேயே இருந்தோம். இழுத்து வந்ததற்கு 45 ஆயிரம். தக்காளியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பாலையூற்றில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். டர்போவைக் கழற்றிக் காட்டினார். சுழல் தண்டு கையால் ஆட்டினால் ஆடுகிறது, விசிறி உள்சுவரில் உரசித் தேய்ந்திருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்பைக் கழற்றினால் அடியில் கறுப்புச் சேறு, ஆயில் உறிஞ்சுகிற வலை பாதிக்கு மேல் அடைப்பு. "இது இந்த ரெண்டு மாசத்தில் வந்ததில்லை தம்பி, வருஷக்கணக்கில் சேர்ந்தது" என்றார். பிறகு வண்டியை உயர்த்தி, அடியில் பளபளத்த அந்தக் கறுப்புப் பூச்சை ஸ்குரூ ட்ரைவரால் சுரண்டினார். பூச்சு அப்பளம் போல் நொறுங்கி விழுந்தது, உள்ளே செஸி துரு. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடத்தில் ஸ்குரூ ட்ரைவர் உள்ளேயே போய்விட்டது. பிரேக் குழாயும் அரித்து மெலிந்திருந்தது. இந்த வண்டியில்தான் நான் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தால் மூதூர் போய்வந்தேன்.

எனக்கு விளங்கவே இல்லை. கடல் காணாத வண்டியில் எப்படி இந்தத் துரு? கனடாவில் எட்மன்டனில் இருக்கிற அக்காவின் கணவருக்குக் கோல் எடுத்தேன். அத்தானும் அங்கே டர்போ நாலு சிலிண்டர் பிக்கப்தான் ஓடுகிறார், 2.7 லிட்டர், பெட்ரோல். கேட்டவுடனே "குளிர் நாட்டு வண்டி என்று ஒருவன் பெருமையாக விற்றானா?" என்று சிரித்துவிட்டார், பிறகு பொறுமையாக விளக்கினார். பனிக்காலத்தில் றோட்டு உறையாமல் இருக்க உப்புக் கொட்டுவார்கள். கனடாவிலும் அப்படி, ஹொக்கைடோவிலும் அப்படி. உப்புத் தண்ணீர் மாதக்கணக்கில் அடியில் தெறித்துக்கொண்டே இருக்கும். நம்முடைய உப்பு காற்றில் வருகிறது, அவர்களுடையது நேரே செஸியில் அடிக்கிறது.

எஞ்சின் கதை அதைவிட மோசம். எட்மன்டனில் மைனஸ் 30 பாகை போகிற இரவுகள் வரும், அப்போது ஆயில் தேன் மாதிரித் தடித்துப்போய் இருக்கும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற சாமான், அதைத் தாங்குவதே ஒரு மெல்லிய ஆயில் படலம்தான். ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் அங்கே போய்ச்சேரத் தாமதமாகும், அந்த நேரம் பார்த்து எக்ஸிலேட்டரை மிதித்தால் முடிந்தது. அதனால்தான் அங்கே ஆட்கள் எஞ்சினை இரவு முழுக்க மின்சாரத்தில் சூடாக்கி வைக்கிறார்கள். வாகனத் தரிப்பிடத்தில் அதற்கென்றே பிளக் இருக்குமாம், வண்டியின் முன்பக்கம் வயர் தொங்கிக்கொண்டிருக்குமாம். அந்தக் குளிருக்கென்று தடிக்காத தனி ஆயில், டப்பாவில் 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ என்று போட்டிருக்கும். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு நிறுத்தினால் எஞ்சின் சூடே ஏறாது, உள்ளே நீராவியும் எரியாத எரிபொருளும் ஆயிலோடு கலக்கும். டீசலில் இன்னொன்றும் இருக்கிறது. புகைபோக்கியில் இருக்கிற கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்வதற்குக் கூடுதல் டீசல் பீச்சும். அந்த வேலை முடியும் முன்பு ஓட்டத்தை நிறுத்தி நிறுத்தி எடுத்தால் அந்த டீசல் ஆயிலுக்குள் இறங்கிவிடும். குச்சியில் அளவு ஏறும், ஆயில் மெலியும், டர்போ தேயும். "தாராளமாக ஊற்றிவிட்டோம்" என்று அந்தத் தம்பி சிரித்தது இதைத்தான்.

குளிரில் ஓடுவது எஞ்சினுக்குக் கேடில்லை, குளிரில் ஸ்டார்ட் செய்து ஒழுங்காகச் சூடாக்காமல் ஓடுவதுதான் கேடு என்றார் அத்தான். அவருடைய வண்டிக்கு இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு இரவும் பிளக் குத்துகிறார், ஆயிலை நேரத்தோடு மாற்றுகிறார், பனிக்காலம் முடிய அடிப்பகுதியைக் கழுவுகிறார். முதல் சொந்தக்காரன் அப்படிப் பார்த்தானா என்பதுதான் கேள்வி. "வெயில் கண்டதா" என்று கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. ஜப்பானிலேயே ஆகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 41, பதிவானது 1902இல் அசாஹிகாவாவில், அதே ஹொக்கைடோவில். பழைய காலத்துக் கணக்குத்தான், ஆனால் அந்தப் பக்கத்து வண்டியை "பத்திரமாக இருந்தது" என்று விற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

சரி, இனி பதில்களுக்கு வருவோம். சேலுக்கு எடுத்தால் அந்தத் தம்பி, நேற்றுவரை அண்ணன், இப்போது "சேர்" என்கிறார். "சேர், டர்போ எஞ்சினுக்கு வெளியே பூட்டுகிற சாமான், வாரண்டி எஞ்சினுக்கும் கியருக்கும் மட்டும்தான்." 1 இலட்சத்து 25 ஆயிரத்துக்கு வாங்கின வாரண்டி! ஆயில் வலை அடைத்தது எஞ்சினுக்குள்ளேதானே என்றேன், "அது பராமரிப்புக் குறைபாடு" என்று வந்தது. முதலாளியைக் கேட்டால் ஜப்பானில், பிறகு கேட்டால் டுபாயில், ஒருமுறை "மாமா செத்துப்போயிட்டார்". வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் விழாது. கடைசியாக நேரே போனபோது முகாமையாளர் என்று ஒருவர் வந்து, செஸிப் படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்: "நீங்கள் திருகோணமலைதானே, கடற்கரை. இது உங்கட ஊர்த் துரு." எங்கட ஊர்த் துருவை இரண்டு மாதத்தில் செஸிக்குள் ஏற்றி, அதற்கு மேல் கறுப்புப் பூச்சையும் நானே அடித்துக்கொண்டேன் என்கிறார்.

விளம்பரத் தளம் இதைவிட அழகு. முதலில் ஒரு தானியங்கிப் பதில், "உங்கள் கருத்துக்கு நன்றி". விடாமல் எழுதினேன். "நாங்கள் விளம்பரப் பலகை மட்டுமே." அப்படியென்றால் காசு வாங்கிக்கொண்டு தந்த பரிசோதனை அறிக்கை? "பரிசோதனை நடந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்த நிலை மட்டும்." கண்ணுக்குத் தெரிந்தது பெயின்ட். அந்த விளம்பரமும் இப்போது தளத்தில் இல்லை, அழித்துவிட்டார்கள், நல்லவேளை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தேன். ஏலத்தாளின் முழுப் பிரதியையும் செஸி இலக்கத்தை வைத்து வேறு வழியால் எடுத்தேன். எனக்குத் தந்த பிரதியில் வண்டியின் வரைபடம் இருக்கிற மூலையே இல்லை. முழுத்தாளில் அந்த வரைபடத்தில் எஸ், சி என்று குறிகள், அதாவது துருவும் அரிப்பும். ஏலத்தில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது, வாங்கி இறக்கினவனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் மூலையை மடித்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

கணக்கு இதுதான். புது டர்போ 7 இலட்சத்து 40 ஆயிரம். எஞ்சின் கழற்றிச் சுத்தம் செய்தது, ஆயில் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் சேர்த்து 4 இலட்சத்து 80 ஆயிரம். செஸி வெல்டிங், பிரேக் குழாய் 3 இலட்சத்து 90 ஆயிரம். வாரண்டி அட்டையும் கட்டி இழுத்த காசும் மேலே சொன்னது. 17 இலட்சத்து 80 ஆயிரம். இதற்குள் ஓட்டம் இல்லாமல் போன நாட்களின் வருமானம் இல்லை, லீசிங் தவணை அது பாட்டுக்குப் போகிறது.

என்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள், பானட் சூடாக இருந்தால் அடுத்த நாள் விடியப் போங்கள். ஆயில் குச்சியை மணந்து பாருங்கள். அடியில் புதுக் கறுப்புப் பூச்சு கண்டால் சுரண்ட விடச் சொல்லுங்கள், விடாவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள். ஏலத்தாளை அவர்கள் கையால் வாங்காதீர்கள். வாரண்டி அட்டையில் டர்போ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள், பச்சை அடையாளம் பாஸ் ஆகாது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு, அடித்துவிட்டேன், பில்களோடு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். அதே மாதிரி மஞ்சள் வாரண்டி அட்டை கையில் இருக்கிறவர்கள், திருகோணமலையோ மட்டக்களப்போ வவுனியாவோ, எனக்குத் தனியாக எழுதுங்கள். பெயரை அங்கே சொல்கிறேன், சேர்ந்தே முறைப்பாடு போடுவோம்.