இலவச பிடிஎஃப் தளமும் என் லேப்டாப் ஃபேனும்

லேப்டாப்புக்கு ஃபேன் மாற்ற 1,850 ரூபாய் அழுதேன். மாற்றியிருக்கவே வேண்டாம்.

டிடிபி கடை வைத்திருக்கிறேன். பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற ஒரு இலவசத் தளம். காலையில் திறந்தால் கடை சாத்தும்வரை அந்த டேப் கிடக்கும். "உங்கள் கோப்பு எங்கள் சர்வருக்கு வராது, எல்லாம் உங்கள் பிரௌசரிலேயே நடக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் வாடிக்கையாளர் கோப்புகளை அதில் போட்டேன். சொன்னது பொய்யில்லை. எல்லாம் என் பிரௌசரில்தான் நடந்தது, சொல்லாததும் சேர்த்து.

இரண்டு வாரம் லேப்டாப் மாவு மில் மாதிரி இரைந்தது. "தூசி சார், ஃபேன் போச்சு" என்றார் மெக்கானிக். புது ஃபேன் போட்டு வந்த அன்று மத்தியானமே மறுபடி இரைச்சல்.

கடைக்கு வந்த அக்கா மகன் குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினான். எந்த டேப் எவ்வளவு சதவீதம் சிபியு (கணினியின் மூளை) தின்கிறது என்று பட்டியல் வந்தது. மற்றவை 1, 2 என்று இருக்க, இது மட்டும் 90க்கு மேல். "மாமா, நீங்க ஃபைலே போடலையே, இது என்ன பண்ணிட்டிருக்கு?" எஃப்12 தட்டி நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால், ஒரு வெப்அசெம்ப்ளி கோப்பு இறங்கியிருக்கிறது. கூடவே ஒரு வெப்சாக்கெட் இணைப்பு, அதாவது சர்வரோடு விடாமல் பேசும் வழி: 'ஜாப்' என்று வேலை வருகிறது, 'சப்மிட்' என்று விடை போகிறது, நிற்காமல். என் கரண்ட்டில் கணக்கு மேல் கணக்குப் போட்டு யாருக்கோ கிரிப்டோ நாணயம் சம்பாதித்துக்கொண்டிருந்தது. இதைத்தான் நாணயம் தோண்டுவது என்பார்கள்.

வெப்அசெம்ப்ளி கெட்டதில்லை. சி, ரஸ்ட் மாதிரி மொழிகளில் எழுதி முன்பே கம்பைல் செய்த நிரலை பிரௌசரில் வேகமாக ஓட்டும் வழி. ஃபிக்மா என்ற டிசைன் கருவி அதில்தான் ஓடுகிறது. ஆனால் அந்த வேகம்தான் இவர்களுக்கும் வேண்டியது. 2017இல் காயின்ஹைவ் என்ற சேவை இப்படித்தான் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டியது. 2019 மார்ச்சில் கடையை மூடியது. அதே ஆண்டு ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னணி 10 லட்சம் தளங்களை அலசினார்கள். வெப்அசெம்ப்ளி பயன்படுத்தியவற்றில் பாதிக்கு மேல் கெட்ட காரியத்துக்குத்தான் வைத்திருந்தன.

கேமரா, மைக் வேண்டுமென்றால் பிரௌசர் நம்மிடம் அனுமதி கேட்கிறது. சிபியுவுக்குக் கேட்பதில்லை. இரண்டு வாரம் ஏமாந்தது அந்த ஓட்டையில்தான்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். ஃபேன் காரணமில்லாமல் இரைந்தால் மெக்கானிக்கிடம் ஓடும் முன் அந்த ஷிஃப்ட் எஸ்கேப்பை அழுத்திப் பாருங்கள். வேலை முடிந்ததும் டேபை மூடுங்கள். இப்படிப்பட்டவற்றைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை ஃபயர்பாக்ஸில் போட்டுக்கொள்ளலாம், குரோமில் அதன் லைட் வடிவத்தை. ஃபயர்பாக்ஸ் 2019இலிருந்தே தெரிந்த மைனர்களை, அதாவது நாணயம் தோண்டும் நிரல்களை, தானாகத் தடுக்கிறது. புதிதாக முளைப்பவை அதிலும் நழுவலாம்.

மெக்கானிக்கிடம் பழைய ஃபேனைக் கேட்டு வாங்கி வந்தேன். நன்றாகத்தான் சுற்றுகிறது.