600 வேண்டுமா, 400 போதுமா? கட்டுப்படியாகும் டெலி ஜூம்கள்: ஓர் ஒப்பீடு

பறவைக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே டெலி ஜூம் (தொலைவிலிருப்பதைக் கிட்டக் காட்டும் லென்ஸ்) வாங்கக் கிளம்புபவர்கள் முதலில் பார்ப்பது லென்ஸின் மேல் எழுதியிருக்கும் பெரிய எண்ணை, அதாவது மி.மீ.யில் சொல்லும் குவிய நீளத்தைத்தான். அது முக்கியம், மறுப்பதற்கில்லை. ஆனால் எதை, எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறோம் என்ற மூன்றையும் முடிவு செய்யாமல் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், பாதி நாள் லென்ஸ் பையிலேயே கிடக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 15 செ.மீ. நீளமுள்ள குருவி 15 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. 400 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் 4 மி.மீ., 600 மி.மீ. லென்ஸில் 6 மி.மீ. ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவிலான) சென்சாரின் உயரம் 24 மி.மீ. ஆக, 600 மி.மீ.யிலும் குருவி ஃபிரேமின் கால் உயரத்தைத்தான் பிடிக்கிறது. 400க்கும் 600க்கும் நீளத்தில் வித்தியாசம் ஒன்றரை மடங்குதான். ஆனால் பறவையின் மேல் விழும் பிக்சல்கள் 2.25 மடங்கு. 400இல் எடுத்து 600இன் ஃபிரேமிங்குக்கு க்ராப் செய்தால் (ஓரங்களை வெட்டினால்) 24 மெகாபிக்சல் படம் 11க்கும் சற்றுக் குறைவாகிவிடும். சிறு பறவைதான் உங்கள் நாட்டம் என்றால் இந்த வித்தியாசத்தை வேறு எதாலும் ஈடுகட்ட முடியாது. மான், யானை, கால்பந்து என்றால் 400 தாராளம். பல சமயம் 150இல் தொடங்கும் லென்ஸே கிட்டத்தில் வரும் ஆட்டக்காரருக்கு அதிகமாகிவிடும்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு

டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) உண்மையான போட்டி மூன்று லென்ஸ்களுக்கு இடையில்தான்: சிக்மா 150-600 கன்டெம்பரரி (2015), டாம்ரான் 150-600 ஜி2 (2016), நிக்கான் 200-500 எஃப்/5.6 (2015). எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். மூன்றுக்கும் ஃபில்டர் அளவு 95 மி.மீ. எடை வரிசையாகச் சுமார் 1.93, 2.01, 2.3 கிலோ.

சிக்மாவின் பெரிய பலம் எடைதான். ஒரு மணி நேரம் கையில் பிடித்து நிற்கும்போது நூறு இருநூறு கிராம்கூடத் தோளுக்குத் தெரியும். யுஎஸ்பி டாக் (லென்ஸைக் கணினியோடு இணைக்கும் கருவி) வாங்கினால் ஃபோகஸ் திருத்தம், ஃபோகஸ் வேகம் ஆகியவற்றை வீட்டிலிருந்தே மாற்றலாம். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் சற்று முன்னோ பின்னோ விழுவது சகஜம் என்பதால் இது ஆடம்பரமல்ல, தேவை. குறை: தூசி, ஈரத்துக்கான தடுப்பு மவுண்ட் (கேமராவில் மாட்டும் இடம்) அருகில் மட்டும்தான். குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 2.8 மீட்டர்.

டாம்ரான் ஜி2 அந்தத் தூரத்தை 2.2 மீட்டருக்குக் கொண்டுவருகிறது. பட்டாம்பூச்சி, தும்பி எடுப்பவர்களுக்கு இது பெரிய சலுகை. லென்ஸின் ட்ரைபாட் காலின் அடியிலேயே ட்ரைபாட் தலையில் நேரே மாட்டும் ஆர்க்கா வகைப் பள்ளம் இருப்பதால் தனி பிளேட் வேண்டாம். ஜூம் வளையத்தை முன்னால் தள்ளினால் எந்த நீளத்திலும் பூட்டிக்கொள்ளும். கழுத்தில் தொங்கும்போது லென்ஸ் தானாக நீண்டு வருவதை இது தடுக்கிறது. ஈரத்தடுப்பும் சிக்மாவைவிடக் கூடுதல். இதற்கும் திருத்தம் செய்ய, சிக்மா டாக் போன்ற டாப்-இன் கன்சோல் தனியாகக் கிடைக்கும்.

இரண்டிலும் படத்தரம் கிட்டத்தட்ட ஒன்றே. 600இல் முழுத் திறப்பில் கொஞ்சம் மென்மை தெரியும், எஃப்/8க்கு மூடினால் தெளியும். இரண்டுமே சுமார் 400 மி.மீ. அருகிலேயே எஃப்/6.3க்கு வந்துவிடும். கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் ஜூம் வளையம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். சிக்மா கேனான் பழக்கத்துக்கும் டாம்ரான் நிக்கான் பழக்கத்துக்கும் ஒத்துவரும். பறந்துவரும் பறவையைப் பார்த்து அவசரத்தில் தவறான பக்கம் திருப்பினால் அந்தப் படம் போச்சு.

நிக்கான் 200-500 ஜூம் முழுக்க எஃப்/5.6. எஃப்/6.3ஐவிட மூன்றில் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் 500இல் முழுத் திறப்பிலேயே கூர்மை நன்றாக இருப்பதால் அதை மூடாமல் எடுக்கலாம், மற்ற இரண்டை எஃப்/8க்கு மூடுகிறோம். அப்போது வித்தியாசம் ஒரு ஸ்டாப் ஆகிவிடுகிறது. ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன், கூடினால் படத்தில் நாய்ஸ் எனும் புள்ளிகள் கூடும்) 3200க்குப் பதில் 1600. அதிகாலை, அந்தி வெளிச்சத்தில் இது கண்கூடாகத் தெரியும். இதன் பலவீனம் வேகம்: ஃபோகஸ் அருகிலிருந்து தொலைவுக்குப் போகச் சற்று நேரமெடுக்கும், 200இலிருந்து 500க்குப் போக வளையத்தை நிறையத் திருப்ப வேண்டும். நிக்கான் பாடி இருந்து, உட்கார்ந்த பறவையும் விலங்கும்தான் அதிகம் என்றால் மூன்றில் இதையே எடுக்கச் சொல்வேன். கேனான் என்றால் சிக்மா.

எடை குறைந்த 100-400கள்

சிக்மா, டாம்ரான் இரண்டும் 2017இல் 100-400 கொண்டுவந்தன. இரண்டும் 1.2 கிலோவுக்குள், ஃபில்டர் 67 மி.மீ. சிக்மாவுக்கு ட்ரைபாட் காலர் (லென்ஸையே ட்ரைபாடில் பூட்டும் வளையம்) போட வழியே இல்லை, டாம்ரானுக்குத் தனியாக வாங்கலாம். மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி) வைத்து மைதானத்தில் எடுப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், டாம்ரானை எடுக்க.

கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்கான ஆர்எஃப் 100-400 (2021) வேறு ரகம். 635 கிராம்தான். 0.88 மீட்டர் வரை கிட்டப் போகலாம், உருப்பெருக்கம் 0.41 மடங்கு. நாள் முழுக்க நடப்பவர்கள், முதல் டெலி வாங்குபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 400இல் எஃப்/8 என்பதுதான் இதற்காக நாம் விட்டுக்கொடுப்பது. வெயில் இருக்கும் வரை பிரமாதம், காட்டு நிழலில் ஐஎஸ்ஓ 6400ஐத் தாண்ட வேண்டியிருக்கும். ஹூட் (முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) தனியாக வாங்க வேண்டும், மழைத்தடுப்பு இல்லை.

மிரர்லெஸ் பெரிய ஜூம்கள்

சோனி 200-600 (2019), நிக்கான் இசட் 180-600 (2023) இரண்டும் ஜூம் செய்யும்போது நீளாதவை. எடைப் பங்கீடு மாறாது, சிறு திருப்பத்தில் முழு ஜூமும் முடியும், நீண்டு சுருங்கும் லென்ஸ்கள் காற்றோடு தூசியையும் உள்ளிழுப்பதுபோல் இவற்றில் நடக்காது. பட்ஜெட் எட்டினால் பறக்கும் பறவைக்கு இவைதான். எட்டாவிட்டால் சோனிக்கு டாம்ரான் 150-500 இருக்கிறது. எடை குறைவு, பையிலும் எளிதாக அடங்கும். ஆனால் சோனி பாடிகளில் பிற நிறுவன லென்ஸ்களுக்குத் தொடர் வேகம் நொடிக்கு 15 படங்களோடு நின்றுவிடும், டெலிகன்வர்ட்டரும் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி நீளத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) போட முடியாது.

டெலிகன்வர்ட்டர் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1.4 மடங்கு போட்டால் ஒரு ஸ்டாப் போகும். எஃப்/6.3 லென்ஸ் எஃப்/9 ஆகிவிடும். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் அந்த இடத்தில் ஆட்டோஃபோகஸ் நம்பகமாக வேலை செய்யாது. அந்தப் பணத்தைச் சேர்த்து வைப்பதே மேல்.

உள்ளரங்க விளையாட்டு

பேட்மிண்டன், கூடைப்பந்து எடுப்பதற்கு மேலே சொன்ன எதுவும் சரிவராது. அரங்க விளக்கில் எஃப்/2.8, 1/1000 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று எடுக்கிறீர்கள் என்றால், அதே படத்துக்கு எஃப்/6.3இல் ஐஎஸ்ஓ 16000 வேண்டும். முகத்தோல் எல்லாம் நாய்ஸாகிவிடும், ஃபோகஸும் தடுமாறும். அங்கே பழைய 70-200 எஃப்/2.8ஐச் செகண்ட் ஹேண்டில் தேடுவதுதான் வழி. தூரம் போதாவிட்டால் க்ராப் செய்துகொள்ளலாம், இல்லாத வெளிச்சத்தை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

படம் மங்கலாக வந்தால்

பெரும்பாலும் லென்ஸின் குற்றமில்லை. உட்கார்ந்த பறவைக்கு 1/500, ஓடும் ஆட்டக்காரருக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000 என்று தொடங்குங்கள். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், பறவையின் இறக்கையை அல்ல. உறுதியான ட்ரைபாடில் பூட்டியபின் அதை அணைத்துவிடுவது நல்லது.

ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்ச் இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். சிக்மா, டாம்ரான் 150-600இல் அதை 10 மீட்டர் முதல் முடிவிலி வரை என்று வைத்தால், பறவையைத் தவறவிட்ட ஃபோகஸ் முன்னாலிருக்கும் கிளை வரை வந்துவிட்டுத் திரும்பாது. அடுத்த முறை புதருக்குள் கிட்டத்தில் ஏதாவது வந்தால் திரும்ப மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் பழுது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

வெயில் ஏறிய பிறகு நூறு மீட்டர் தள்ளி நிற்கும் மானைப் படமெடுத்தால் எந்த லென்ஸிலும் ரோமம் தெரியாது, தரையிலிருந்து எழும் சூட்டுக்காற்று அலைதான் பதிவாகும். அதே லென்ஸில் 10 மீட்டரில் இருக்கும் ஒன்றை எடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். மலிவான யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 600 மி.மீ.யில் அதன் கெடுதல் அப்பட்டமாகத் தெரியும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது

இந்த ரக லென்ஸ்கள் நிறையக் கைமாறும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள்: நாலைந்து தூசி பாதிப்பில்லை, சிலந்தி வலைபோல் கிளைத்திருந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். முழுக்க நீட்டி முன்பகுதியை லேசாக அசைத்துப் பாருங்கள். சிறிது ஆட்டம் இருக்கலாம், ஆனால் கடகடவென்று சத்தம் வரக்கூடாது. ஒரு செங்கல் சுவருக்கு நேராக நின்று நீளத்தின் கடைசியில் முழுத் திறப்பில் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால், கேமரா கோணலாக இல்லை என்று உறுதி செய்துகொண்டு இன்னொருமுறை எடுங்கள். மறுபடியும் அதே பக்கம்தான் மங்குகிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது, விலை குறைத்தாலும் வேண்டாம். மிரர்லெஸ் பாடியில் அடாப்டர் போட்டு ஓட்டப் போகிறீர்கள் என்றால் உங்கள் பாடியையும் அடாப்டரையும் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். சிக்மா, டாம்ரான் லென்ஸ்களுக்கு ஃபர்ம்வேர் (லென்ஸின் உள் மென்பொருள்) பழையதாக இருந்தால் ஃபோகஸ் திணறும், அதைப் புதுப்பிக்க டாக் அல்லது கன்சோல் தேவைப்படும். விற்பவரிடம் அது இருந்தால் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.