டிமாஸ் எடிட்டராக இருந்த அனுபவம்: கர்லிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு

டிமாஸ் என்ற பெயரே இப்போது பலருக்கு நினைவிருக்காது. 1998-இல் தொடங்கி, அதே ஆண்டு நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனி கைக்குப் போய், பிறகு அந்தக் கம்பெனியோடு ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்திடம் சேர்ந்து, 2017 மார்ச்சில் மூடப்பட்ட, தளங்களைப் பிரிவு பிரிவாக அடுக்கிய இணைய டைரக்டரி அது. தளங்களைப் பார்த்துச் சேர்ப்பது, விளக்கம் எழுதுவது எல்லாம் சம்பளம் வாங்காத எடிட்டர்களின் வேலை. மூடும்போது சுமார் 38 லட்சம் தளங்கள் அதில் இருந்தன. பழைய எடிட்டர்கள் அதன் தொடர்ச்சியாக நடத்தும் கர்லியும் தன்னார்வலர்களை நம்பித்தான் இருக்கிறது. அங்கே சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

என்ன படித்தோம், எங்கே வேலை பார்க்கிறோம் என்பதெல்லாம் விண்ணப்பத்தில் பெரிதாக எடுபடாது. நீங்கள் கேட்கும் பிரிவில் சேர்க்கத் தகுந்த இரண்டு மூன்று தளங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பும் விளக்கமும் எழுதச் சொல்வார்கள். பரீட்சையே அதுதான். நான் கேட்டது தமிழ்நாட்டு ஊர்களின் வரிசையில் ஒரு சின்ன ஊர். கோயில், பள்ளிக்கூடம், லாட்ஜ், நாலைந்து கடைகள், அவ்வளவுதான் இருக்கும். எடுத்த எடுப்பில் சினிமா, மென்பொருள் என்று பெரிய பிரிவைக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். சின்னதாக, ஆள் இல்லாமல் கிடக்கிற பிரிவாகப் பார்த்துக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

விளக்கம் எழுதுவது சுலபமாகத் தெரியும், எழுதிப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும். ஒரு லாட்ஜ்காரர் "ஊரிலேயே நம்பர் 1, மலிவு விலை, சொகுசு அறைகள், உடனே புக் செய்யுங்கள்" என்று எழுதி அனுப்புவார். எடிட்டர் அதை "கோயில் அருகே உள்ள தங்கும் விடுதி. அறை வகைகள், வாடகை, படங்கள், வரும் வழி" என்று மாற்ற வேண்டும். பாராட்டு கூடாது, "நாங்கள்", "எங்கள்" கூடாது, தலைப்பில் இருப்பதையே விளக்கத்தில் திருப்பிச் சொல்லக் கூடாது. தளத்துக்குள் போனால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் ஓரிரு வரியில் சொல்ல வேண்டும். விளம்பர வாடை இல்லாமல் இரண்டு வரி எழுத வருகிறதா என்றுதான், விண்ணப்பத்தைப் பார்க்கும் மெட்டா எடிட்டர்கள் தேடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

அடுத்தது, உங்களுக்குத் தொடர்புள்ள தளங்களைச் சொல்லச் சொல்லும் கேள்வி. சொந்தத் தளம், மச்சான் கடைத் தளம், வேலை பார்க்கும் கம்பெனித் தளம், எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். தளம் வைத்திருப்பதில் தப்பே இல்லை, மறைப்பதுதான் தப்பு. இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. கூகுள் தன் டைரக்டரிக்கு டிமாஸின் தரவைத்தான் எடுத்து 2011 வரை பயன்படுத்தியது. அங்கே ஒரு லிங்க் விழுந்தால் தேடலில் மேலே வரலாம் என்ற நம்பிக்கையில் எஸ்ஈஓ ஆட்கள் (தளங்களைத் தேடலில் முன்னால் கொண்டுவருவதையே தொழிலாகச் செய்பவர்கள்) எடிட்டர் பதவிக்கே வரிசையில் நின்றார்கள். தன் தளத்தை நுழைத்து, போட்டித் தளத்தைக் கழற்றிவிடத்தான்! கண்டுபிடித்தால் எடிட்டர் கணக்கே போய்விடும்.

உள்ளே போனபின் பெரும்பாலும், சேர்க்கச் சொல்லி மற்றவர்கள் அனுப்பிய தளங்களின் காத்திருப்புப் பட்டியலோடுதான் குடித்தனம். ஒரே தளத்தைப் பத்துப் பிரிவில் அனுப்புவார்கள், வேறு ஊர்க் கடையை நம் ஊரில் சேர்க்கச் சொல்வார்கள், "ஏன் இன்னும் சேர்க்கவில்லை" என்று கோபித்துக்கொள்வார்கள். வந்ததை வந்த வரிசையில் பார்த்தே தீர வேண்டும் என்று எடிட்டருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. வெளியே இருந்தவர்களுக்கு இதுதான் கடைசிவரை புரியவில்லை. நானும் பட்டியலை விட்டுவிட்டு, தேடிப் பிடித்து நல்ல தளங்களைச் சேர்த்த நாட்கள்தான் அதிகம், ருசியும் அதில்தான். செத்த லிங்குகளை டிமாஸில் ரோபோஜில்லா என்ற நிரல் பிடித்துக் கொடுத்துவந்தது. அது காட்டியதில் பாதி ஊர்க்காரர்கள் ஆசையாகத் தொடங்கி, டொமைன் பணம் கட்டாமல் விட்டவை.

இப்போது சேரலாமா? காசு கிடையாது, புகழ் கிடையாது, கூகுள் ஆதாயமும் பழைய கதை. லிங்குக்காக வருவதென்றால் வேண்டவே வேண்டாம். உங்கள் ஊரையோ, விரும்பும் ஒரு துறையையோ பற்றிய தளங்களை ஒழுங்காக அடுக்கி வைப்பதில் சுகம் காண்பவர் என்றால் விண்ணப்பியுங்கள். அதற்கு முன் அந்தப் பிரிவில் ஏற்கெனவே இருக்கும் விளக்கங்களை ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள். மறுத்துவிட்டால் மாதிரி விளக்கங்களைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். அப்புறம் சேர்ந்தபின் அவ்வப்போது ஏதாவது எடிட் செய்துகொண்டே இருங்கள், டிமாஸில் நாலு மாதம் சும்மா இருந்தாலே கணக்கு முடங்கிவிடும்.